மதியம் தொட்ட இலை

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் "ம்" என்பாய், அதனால் கேட்கவில்லை. போன் செய்யலாமே என்று நினைப்பாய். நான் பாதி பேசும்போதே உன் பக்கம் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்கிறது. எல்லாவற்றையும் கொட்டி முடித்ததும் "என்ன சொன்னே?" என்கிறாய். கடிதம் என்றால்தான் நீ உட்கார்ந்து ஒழுங்காகப் படிப்பாய். சின்ன வயதில் மருந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூட விடமாட்டாயே.

விஷயத்துக்கு வருகிறேன். கால்வாயை மூடிவிட்டார்கள். அணையில் தண்ணீர் தரை தட்டிவிட்டதாம். ஜூன் பத்தாம் தேதிதான் திறப்பு என்று கால்வாய் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல். போர்வெல் காலையில் ஒரு மணி நேரம் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. குடிக்கவும் பாத்திரம் கழுவவும்தான் அது காணும். நூற்றுப் பன்னிரண்டு எலுமிச்சை மரம், தம்பி. ஒன்பது வருஷம் வளர்த்தது. இந்த வருஷம்தான் பிஞ்சு கொத்துக் கொத்தாக நிற்கிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது.

உன் மாமா ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாக் கிளையையும் வெட்டி மரத்தை மொட்டைக் கட்டையாக நிறுத்தி, வெயில் தாக்காமல் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்கிறார். இலை இல்லாத மரத்துக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம், உயிரோடு கிடக்குமாம். கிடக்கட்டும், திரும்பக் காய்க்க மூன்று வருஷம் ஆகுமே. அதுவரை நாங்கள் எதைத் தின்பது? கேட்டால், "மரம் இருந்தா பின்னாடி ஏதாவது பண்ணிக்கலாம். மரமே போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்கிறார். "தம்பி பத்து வருஷமா இதைத்தானே படிச்சுக்கிட்டு இருக்கான், அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டு ரம்பத்தைத் தொடுங்க" என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ரம்பத்தை உறையில் போட்டுவிட்டார்.

வெட்டவா வேண்டாமா? சுற்றி வளைக்காமல் எழுது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: வெட்ட வேண்டாம். மாமாவிடம் ரம்பத்தைப் பூட்டி வைக்கச் சொல்.

ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகக் கேள். மண் காயத் தொடங்கியதுமே, இலை வாடுவதற்கு முன்பே, செடி ஒரு அமிலத்தைச் சுரக்கிறது. அப்சிசிக் அமிலம் என்று பெயர். பெயரை மறந்துவிடு, வேலையை மட்டும் நினைவில் வை. இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு உதடுகள். அமிலம் அங்கே போய்ச் சேர்ந்ததும் உதடுகள் காற்று இறங்கிய டியூப் போலத் தளர்ந்து மூடிக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகிப் போவது நின்றுவிடும். காற்றும் உள்ளே வராது என்பதால் இலையால் தன் சாப்பாட்டைச் சமைக்க முடியாது. அதாவது மரம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த அமிலத்தைச் சுரக்கத் தெரியாமலே பிறந்த ஒரு தக்காளிச் செடி எங்களிடம் இருக்கிறது. துளைகளை மூடவே அதற்குத் தெரியாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் பத்து மணிக்கே தலையைத் தொங்கப்போட்டுவிடும். அதற்கு "அக்கா" என்று பெயர் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, வாய் மூடாத குணத்துக்காக மட்டும்தான். அமிலத்தைத் தெளித்தால் சில மணி நேரத்தில் நிமிர்ந்து நிற்கிறது.

நாங்கள் செய்திருப்பது அந்த அமிலத்தைப் போன்ற ஒரு மருந்து. அசல் அமிலம் வெயிலில் சீக்கிரம் கெட்டுப்போகும், மரமும் அதை உடைத்துப் போட்டுவிடும். எங்களுடையது வாரக்கணக்கில் நிற்கும். எலுமிச்சைக் கன்றுகளை நாற்பது நாள் தண்ணீர் காட்டாமல் கண்ணாடிக் கூடத்தில் நிறுத்தினேன், ஒன்றுகூடச் சாகவில்லை. கூடத்தில் இருபத்தெட்டு டிகிரிக்கு மேல் ஏறாமல் குளிர்சாதனம் ஓடுகிறது. என் அறையில் மின்விசிறியே ஓடுவதில்லை; அடுத்த ஜென்மத்தில் செடியாகப் பிறக்கலாம் என்று இருக்கிறேன்.

ஒரு பெட்டி அனுப்புகிறேன். விடியற்காலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி மரத்துக்கு இரண்டு லிட்டர். மருந்து பிடித்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம், உன் கை போதும். துளை திறந்திருக்கும் இலையை மதியம் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்கிற மாதிரி. மூடின இலை சுடும். சுட்டால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. தோட்டத்தில் இதுவரை யாரும் இதைப் போட்டுப் பார்த்ததில்லை. எங்கள் பிரிவின் தலைவி, விவசாயி கைப்பட தேதி போட்டு எழுதிய குறிப்பு வேண்டும் என்கிறார். உன் கடிதங்களைக் கோப்பில் சேர்க்கப்போகிறேன். அதனால் என்னைத் திட்டுவதைத் தனித்தாளில் எழுது.

உன் அன்புத் தம்பி


மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

தனித்தாள் எல்லாம் கிடையாது. உங்கள் தலைவியும் தெரிந்துகொள்ளட்டும்.

பெட்டி வந்தது. மூன்று நாளில் தொண்ணூற்றெட்டு மரத்துக்குத் தெளித்தோம். மீதிப் பதினாலு எங்கே என்று கேட்பாய். நான் கால்வாய் அலுவலகத்துக்குப் போன நேரத்தில் உன் மாமா கடைசி வரிசையை மொட்டையடித்துவிட்டார். வந்து பார்த்தால் பதினாலு வெள்ளைக் கட்டை நிற்கிறது, கீழே பிஞ்சோடு கிளைகள் கிடக்கின்றன. "என் தம்பி மேல உங்களுக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா?" என்று கேட்டேன். "உன் தம்பியை நம்பித்தான் மீதியை விட்டிருக்கேன்" என்றார். நான் இரண்டு நாள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீ சொன்னபடி தினமும் மதியம் கை வைத்துப் பார்க்கிறேன். இலை வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒன்றும் தொங்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களில் இலை சுருண்டு உதிர்கிறது, நம் மரங்கள் அப்படியே நிற்கின்றன. வயிற்றில் பால் வார்த்தாய்.

அலுவலகத்தில் முயல்காரியைப் பார்த்தேன். முன்பு முயல் வளர்த்தாளே, அவள்தான். வீட்டுக்காரர் போனபின் கால்வாயின் கடைசிக் கோடியில் அறுபது எலுமிச்சையைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். நம் மரங்களைப் பற்றிச் சொன்னதும், "எனக்கும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடுங்கக்கா" என்றாள். கிடைக்குமா?

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தலைவி இரண்டு முறை படித்தார். "மீதியை விட்டிருக்கேன்" என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து இந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எட்டு வருஷமாக என் வேலை வருஷத்துக்கு வருஷம் நீட்டித்துத் தருகிற வேலைதான். மே பதினைந்தாம் தேதி குழு கூடுகிறது. இந்த முறை தோட்டத்து முடிவு இல்லாமல் போனால் என்னை அனுப்பிவிடுவார்கள், தலைவியே ஜாடையாகச் சொல்லிவிட்டார். இந்த வயதில் வெளியே போய் நான் என்ன செய்வேன், எனக்கு இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. உன் தொண்ணூற்றெட்டு மரம்தான் என் கையில் இருக்கிறது.

முயல்காரிக்கு இப்போது தர முடியாது. குழு ஒப்புக்கொண்டால் முதல் பெயர் அவளுடையது.

மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல். ரம்பம் எங்கே?

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

இதைக் கோப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள்.

பத்து நாளாக இங்கே அடிக்கிற வெயில் நான் பார்த்தறியாதது. நேற்று நாற்பத்து நாலு என்று ரேடியோவில் சொன்னான். கதவுக் கைப்பிடியைத் துணி வைத்துத்தான் பிடிக்கிறோம். மதியம் இலையைத் தொட்டேன். வெதுவெதுப்பு இல்லை தம்பி, இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். தெற்குப் பக்கத்து இலைகளில் ஓரம் பழுப்பாகிறது. தொங்கவில்லை, உதிரவும் இல்லை, நின்றபடியே காய்கிறது. பிஞ்சு கொஞ்சம் கொட்டிவிட்டது.

வேலிக்கு வெளியே தானாக முளைத்த ஒரு எலுமிச்சை மரம் இருக்கிறது, அதற்கு மருந்தும் கிடையாது தண்ணீரும் கிடையாது. அது பாதி இலையை உதிர்த்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டு பரவாயில்லாமல் இருக்கிறது. அதன் இலை இவ்வளவு சுடவில்லை. உன் மாமா அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

மீதி மரங்களையும் இப்போதே மொட்டையடித்துவிடலாமா என்று கேட்கிறார். இன்னும் பத்து நாளுக்குள் செய்தால் பிழைக்கும் என்கிறார். உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், அறிக்கை மேஜை முழுக்கக் கிடக்கிறது.

பயப்படாதே. சூடுதான் நாம் எதிர்பார்த்தது. துளை மூடியிருக்கிறது, மருந்து பிடித்திருக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எங்கள் கன்றுகளிலும் இலை சுடத்தான் செய்தது, ஒன்றும் ஆகவில்லை. பழைய இலையில் ஓரம் கருகுவது எந்த வறட்சியிலும் உண்டு. பெட்டியில் இருக்கும் மீதி மருந்தையும் ஒரு முறை தெளித்துவிடு. தயவுசெய்து வெட்ட மட்டும் வேண்டாம். இப்போது வெட்டினால் இத்தனை நாள் பட்ட பாடு வீண், எனக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

குழுவுக்கு முன்னால் உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தால் பெரிய உதவி. நீளமாக வேண்டாம். மரங்கள் எப்படி இருக்கின்றன, மதியம் தொட்டால் எப்படி இருக்கிறது, அது போதும்.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டபடி எழுதுகிறேன்.

இரண்டாம் முறை மருந்து தெளித்தோம். தொண்ணூற்றெட்டு மரங்களும் நன்றாக இருக்கின்றன. இலைகள் பச்சையாக இருக்கின்றன. பிஞ்சு கொட்டுவது நின்றுவிட்டது. இன்று மதியம் இரண்டு மணிக்கு வெயிலில் நின்று தொட்டுப் பார்த்தேன். இலை குளுகுளுவென்று இருந்தது.

மாமாவும் நலம்.

அக்கா


மே 16

என் அன்பு அக்காவுக்கு,

மூன்று வருஷம். ஒரே அடியாக மூன்று வருஷம் நீட்டித்துவிட்டார்கள். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அடுத்த வருஷத்துக் காலண்டரைத் தைரியமாகப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தைத் தலைவி குழுவில் படித்தார். வரிக்கு வரி. உன் கால்வாயை ஒட்டிய நாற்பது தோட்டங்களுக்கு உடனே மருந்து கொடுப்பதாக முடிவாகிவிட்டது, வண்டி நாளை கிளம்புகிறது. முயல்காரியின் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன், அவளிடம் சொல்லிவிடு.

எல்லாம் உன்னால்தான். மாமாவிடம் சொல், ரம்பத்தை விற்றுவிடலாம் என்று.

உன் தம்பி


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

போனை நீ எடுப்பதில்லை. நடுவில் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஏன் என்று இப்போது தெரியும்.

ஜூன் முதல் வாரத்தில் தோட்டக்காரர்களின் புகார்கள் வரத் தொடங்கின. முதலில் இரண்டு, பிறகு தினமும் ஐந்தாறு. எல்லாவற்றிலும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: இலை உதிராமல் நின்றபடியே காய்கிறது. தலைவி என்னை அனுப்பினார். உன் பக்கம் வர எனக்குக் கால் எழவில்லை, கால்வாயின் மேல்கோடியில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். வெப்பமானியை இலையில் வைத்தேன். காற்று நாற்பத்து மூன்று, இலை ஐம்பத்தொன்று.

செடி துளையை மூடும்போது தன்னைக் குளிர்விக்கிற வழியையும் மூடிக்கொள்கிறது. அதனால் வெயில் மிஞ்சினால், தன் அமிலத்தைத் தானே கொஞ்சம் உடைத்து, துளையைக் கொஞ்சம் திறந்து, ஆறிக்கொள்ளும். முடியாவிட்டால் இலையை உதிர்க்கும். உன் வேலிக்கு வெளியே நின்ற மரம் அதைத்தான் செய்தது. எங்கள் மருந்தை உடைக்க மரத்துக்குத் தெரியாது. உடையாமல் இருக்க வேண்டும் என்று நான்தான் பாடுபட்டு அப்படிச் செய்தேன். குளிர்சாதனம் வைத்த கூடத்தில் அது எனக்குத் தெரியவே இல்லை. நீ ஏப்ரலிலேயே எல்லாவற்றையும் எழுதியிருந்தாய். அன்றைக்கு வெட்டியிருந்தால் பிழைத்திருக்கும்.

திரும்பி வந்து கோப்பை எடுத்தேன். மே நாலாம் தேதிக் கடிதம். "இலை குளுகுளுவென்று இருந்தது." அந்த வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் "மிக நன்று". என் கையெழுத்து, அக்கா. மருந்து அடித்த மரத்தில், அந்த வெயிலில், இரண்டு மணிக்கு இலை எப்படிக் குளிரும்? முதல் வருஷ மாணவன்கூடக் கேட்டிருப்பான்.

நடந்ததை எல்லாம் எழுதித் தலைவியிடம் கொடுத்தேன். "இதை இப்ப சேர்க்க வேண்டாம், இந்த வருஷ வெயில்னு போட்டுக்கலாம்" என்றார். வேலையை விட்டுவிட்டேன் என்று உனக்கு எழுதத்தான் ஆசை. விடவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏன் அப்படி எழுதினாய்? மரங்கள் எதுவாவது இருக்கிறதா? மாமா எப்படி இருக்கிறார்? திட்டியாவது எழுது.

தம்பி


ஜூலை 8

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மாமாவிடம் படித்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை.

பத்தாம் தேதி வர வேண்டிய தண்ணீர் கால்வாயில் ஜூன் இருபத்தொன்பதாம் தேதிதான் வந்தது. அவர் பழக்கத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் எல்லா வரிசைக்கும் திறந்துவிட்டார். நான் ஒவ்வொரு மரமாகப் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டே போனேன். தொண்ணூற்றெட்டிலும் பச்சை இல்லை. கடைசி வரிசையில் அவர் மொட்டையடித்த பதினாலும் துளிர்த்திருக்கின்றன. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதினாலு மரத்தை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. இந்த மாதம் இருபதாம் தேதி வீட்டைக் காலி செய்கிறோம். அவருக்கு ஒரு கிடங்கில் வாசல் காக்கிற வேலை கிடைத்திருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாகச் சீருடை போடப்போகிறார். அளவு கொடுத்துவிட்டு வந்த அன்று, ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தார்.

ஏன் எழுதினாய் என்று கேட்டிருக்கிறாய். மே நாலாம் தேதிக்குள் பாதி மரங்களுக்கு மேல் காய்ந்துவிட்டன. உண்மையை எழுதி நாலு தாள் கிழித்தேன். உனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தால் கை ஓடவில்லை. அதனால் நீ கேட்டபடியே எழுதினேன். மற்றதெல்லாம் உன் குழுவுக்காக எழுதியது. அந்தக் கடைசி வரியை மட்டும் உனக்காக எழுதினேன். மூடின இலை சுடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. எனக்கே தெரிகிறது, உனக்குத் தெரியாதா? படித்த உடனே "என்னக்கா உளர்றே, அங்க என்ன நடக்குது?" என்று போன் செய்வாய் என்று இருந்தேன். நீ கேட்டால் சொல்லியிருப்பேன். நானாகச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு, பதினேழு நாள். பதினெட்டாம் நாள், மூன்று வருஷம் என்று கடிதம் வந்தது.

தப்பு உன்னுடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரம் அலுவலக வரிசையில் முயல்காரி எனக்கு முன்னால் நின்றாள். அன்று காலையில்தான் அவளுக்குப் பெட்டி வந்திருந்தது, இன்னும் பிரிக்கவில்லை. "உங்க தம்பி மருந்துன்னாங்க, அதான் யோசிக்காம கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். உன் பெயர் கெட்டுவிடுமே என்று நான் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவளுடைய அறுபதும் போய்விட்டது. இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு பக்கம் போய்விடுகிறாள். உன் தக்காளிச் செடிக்கு வைத்த பெயரை எடுத்துவிடு. மூட வேண்டிய இடத்தில் பேசி, பேச வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டவள் நான்.

புது முகவரி அனுப்பப்போவதில்லை. கோபம் இருந்தது, போய்விட்டது, அதனால் இல்லை. முகவரி கொடுத்தால் நீ எழுதுவாய். அக்கா எப்படி இருக்கிறாய், புது வீடு எப்படி, மாமா எப்படி என்று கேட்பாய். நானும் பழக்கத்தில், எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று எழுதுவேன். நீ நம்பிவிடுவாய்.

அக்கா